நாய்க்குட்டியின் விளையாட்டுக் கடி: காரணமும் கையாளும் முறையும்

புதிதாக வந்த குட்டி கையைக் கவ்வுகிறது, கணுக்காலைத் துரத்துகிறது, துணி நுனியைப் பல்லில் பிடித்துக்கொண்டு தொங்குகிறது. ‘மூர்க்கமான குட்டியை வாங்கிவிட்டோமோ’ என்ற சந்தேகம் வருவது இயல்பு. அநேகமாக அப்படி இருக்காது. 8 வாரத்திலிருந்து 16 வாரம் வரை குட்டிகள் கடிக்கத்தான் செய்யும். எதையும் வாயில் வைக்காமல் நாள் முழுக்க மூலையில் சுருண்டு கிடக்கும் குட்டியைத்தான் உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

கடியைக் குறைக்க நினைப்பவர்கள் நேராகப் பயிற்சியில் இறங்கிவிடுகிறார்கள். அதற்கு முன் பார்க்க வேண்டியது குட்டி எத்தனை மணி நேரம் தூங்குகிறது என்பதை. இந்த வயதுக் கடியில் கணிசமான பங்கு தூக்கம் போதாமல் வருவது. அதைச் சரிசெய்யாமல் எந்த முறையைப் பின்பற்றினாலும் பாதிப் பலன்தான் கிடைக்கும்.

ஏன் கடிக்கிறது

குட்டிக்குக் கை கிடையாது. ஒரு பொருள் மெத்தென்று இருக்கிறதா, அசைகிறதா, சத்தம் போடுகிறதா என்பதையெல்லாம் வாயால்தான் தெரிந்துகொள்கிறது. அதோடு, கூடப் பிறந்த குட்டிகளுடன் அது விளையாடிய விளையாட்டே கவ்வுவதும் புரட்டுவதும் துரத்துவதும்தான். உங்கள் வீட்டுக்கு வந்த பிறகும் அதே விளையாட்டைத் தொடர்கிறது. ஆள்தான் மாறியிருக்கிறார், அவருடைய தோலில் மயிர் மூடல் இல்லை.

பால்பற்கள் மொத்தம் 28. தாடைக்கு இன்னும் வலு வரவில்லை, ஆனால் பற்கள் மிகக் கூர்மையானவை. அதனால் சும்மா கவ்வினாலே நமக்குச் சுரீர் என்கிறது. ஒரே ஈற்றில் பிறந்த குட்டிகளுக்குள் இந்தக் கூர்மை ஒரு பாடத்தைக் கற்றுக்கொடுக்கிறது. ஒரு குட்டி அழுத்திக் கடித்தால் கடிபட்டது கத்திவிட்டு விலகிப்போகும், விளையாட்டு நின்றுவிடும். தாய்க்கு வலித்தால் அது எழுந்து போய்விடும். எவ்வளவு அழுத்தினால் விளையாட்டு நிற்கும் என்பதைக் குட்டி இப்படித்தான் கணக்குப் போடப் பழகுகிறது. 8 வாரத்துக்கு முன்பே தாயிடமிருந்து பிரிக்கப்பட்ட குட்டிகளும், கூடப் பிறப்பே இல்லாமல் தனியாக வளர்ந்தவையும் இந்தப் பாடத்தை அரைகுறையாகப் படித்துவிட்டு வருகின்றன. மீதியை நீங்கள்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும். கூடுதலாகச் சில வாரம் பிடிக்கும்.

ஆடு மாடு மேய்க்கவென்று வளர்க்கப்பட்ட இனங்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. ஓடுகிற கால்களை விரட்டிக் கவ்வுவது அவற்றின் வேலைத்திறனில் ஒரு பகுதி. கோலி, ஷெப்பர்டு, கோர்கி வகைக் குட்டிகள் கையைவிடக் கணுக்காலைக் குறிவைப்பது இதனால்தான்.

முதலில் தூக்கம்

இந்த வயதுக் குட்டி ஒரு நாளில் 18 முதல் 20 மணி நேரம் தூங்க வேண்டும். சந்தடி நிறைந்த வீட்டில், யாராவது தூக்கிக் கொஞ்சிக்கொண்டே இருந்தால், இதில் பாதிகூடக் கிடைக்காமல் போகலாம். களைத்த குட்டி படுத்துத் தூங்கிவிடும் என்று எதிர்பார்ப்போம். பல குட்டிகள் அதற்கு நேர்மாறாக நடந்துகொள்ளும்: வட்டமடித்து ஓடும், கூப்பிட்டால் திரும்பாது, நீட்டிய தீனியைக் கண்டுகொள்ளாது, துணியைத் திரும்பத் திரும்பக் கவ்வும். மாலையில் தினமும் ஒரே நேரத்தில் ‘பேய் பிடித்த மாதிரி’ ஆகிறது என்று வளர்ப்பவர்கள் சொல்வது பெரும்பாலும் இந்த நிலையைத்தான்.

12 வாரம் வரை நடைமுறைக்கு ஒத்துவரும் கணக்கு: ஏறத்தாழ ஒரு மணி நேரம் விழிப்பு, பிறகு ஒன்றரை முதல் இரண்டு மணி நேரத் தூக்கம். விழித்ததும் சிறுநீர் கழிக்க அழைத்துப் போங்கள். பிறகு சாப்பாடு அல்லது விளையாட்டு, இரண்டு மூன்று நிமிடப் பயிற்சி, மறுபடி சிறுநீர், பிறகு படுக்கை. விழித்து 45 நிமிடம் ஆனதுமே ஓட்ட விளையாட்டை நிறுத்தி, மெல்லுவதற்கோ நக்குவதற்கோ ஏதாவது கொடுத்தால் குட்டி தானாக அடங்கத் தொடங்கும். படுக்கை, கூண்டிலோ தடுப்புக்குள்ளோ, ஆள் நடமாட்டம் இல்லாத மூலையில் இருக்கட்டும். கூண்டு புதிது என்றால் முதல் சில நாள் நீங்கள் பக்கத்திலேயே உட்கார்ந்திருங்கள்.

மூன்று நாள் ஒரு தாளில் குறித்துப் பாருங்கள்: எத்தனை மணிக்குக் கடித்தது, அதற்குமுன் எவ்வளவு நேரம் விழித்திருந்தது, கடைசியாக எப்போது சாப்பிட்டது, அந்த நேரத்தில் வீட்டில் என்ன நடந்துகொண்டிருந்தது. தற்செயல்போலத் தோன்றிய கடிகள் இரண்டு மூன்று நேரங்களில் குவிந்திருப்பது தெரியவரும்.

பல் தோலில் பட்டதும் என்ன செய்வது

கையை வெடுக்கென்று இழுக்கக் கூடாது. விலகி ஓடும் எதுவும் குட்டிக்கு இரை மாதிரி; இன்னும் வேகமாகப் பாயும். கூரான பல்லிலிருந்து இழுக்கும்போது தோலும் கிழியும். கையைத் தளர்த்தி அப்படியே அசைக்காமல் வையுங்கள். பெரும்பாலும் ஓரிரு நொடியில் பிடி தளரும்.

பிடி விட்டதும் ஒரே ஒரு சொல், சாதாரணக் குரலில். ‘போதும்’ என்றோ ‘அவ்வளவுதான்’ என்றோ வைத்துக்கொள்ளலாம், ஆனால் வீட்டில் எல்லோரும் அதே சொல்லைப் பயன்படுத்த வேண்டும். பிறகு எழுந்து விலகுங்கள். தடுப்புக் கதவைத் தாண்டியோ அறைக் கதவை மூடிக்கொண்டோ 10 முதல் 30 நொடி. அந்த நேரத்தில் பார்ப்பதும் பேசுவதும் வேண்டாம். பிறகு திரும்பி வந்து, ஒன்றும் நடக்காததுபோல ஒரு பொம்மையுடன் விளையாட்டைத் தொடருங்கள்.

விலகும் நேரத்தை ஐந்து பத்து நிமிடத்துக்கு நீட்டுவதால் லாபம் இல்லை. அதற்குள் குட்டி வேறொன்றில் மூழ்கிவிடும், கடித்ததற்கும் விலகலுக்கும் உள்ள தொடர்பு அறுந்துபோகும். குட்டியைத் தூக்கிக்கொண்டு போய்க் கூண்டில் போடுவதைவிட நீங்கள் விலகுவதே மேல். தூக்கப்போனால் அது ஒரு துரத்தல் விளையாட்டாகிவிடும், இல்லையென்றால் உங்கள் கையைக் கண்டாலே நழுவப் பழகும். தண்டனை இடமாகிப்போன கூண்டில் பிறகு தூங்கவும் மறுக்கும்.

திரும்பி வந்தவுடன் மறுபடி கடித்தால் மறுபடி விலகுங்கள். தொடர்ந்து மூன்று முறை இப்படி ஆனால் அங்கே பாடம் நடக்கவில்லை; குட்டிக்குப் பசி, சிறுநீர் அவசரம், தூக்கம் மூன்றில் ஒன்று. அதைக் கவனியுங்கள்.

‘ஆ’ என்று கீச்சுக் குரலில் கத்தச் சொல்வார்கள். கூடப் பிறந்தவை கத்துவதைப் போலச் செய்வது இது. சில குட்டிகள் திடுக்கிட்டு நிறுத்தி, கையை நக்கும். சிலவற்றுக்கு, குறிப்பாக டெரியர் வகைகளுக்கும் மேய்ச்சல் இனங்களுக்கும், அந்தச் சத்தமே உற்சாகம். இரண்டு மூன்று தடவை செய்து பாருங்கள். கத்தியதும் இன்னும் வேகமாகப் பாய்ந்தால் உங்கள் குட்டிக்கு அது சரிவராது.

எந்தக் கடிக்கு விலகுவது? முதல் இரண்டு வாரம் வலிக்கும் கடிக்கு மட்டும் விளையாட்டை நிறுத்தலாம். பிறகு நடுத்தர அழுத்தத்துக்கு, கடைசியில் பல் பட்டாலே. இப்படிப் படிப்படியாகப் போகும் குட்டி வாயின் அழுத்தத்தை அளந்து பயன்படுத்தக் கற்றுக்கொள்கிறது. வளர்ந்த பிறகு ஒரு நாள் வலியிலோ பயத்திலோ பல் பட நேர்ந்தாலும் காயத்தின் ஆழம் குறைய இது உதவும் என்பதுதான் இந்த முறையின் கருத்து. சின்னப் பிள்ளைகளோ தோல் மெலிந்த முதியவர்களோ இருக்கும் வீட்டில் இவ்வளவு பொறுமைக்கு இடமில்லை. அங்கே முதல் நாளிலிருந்தே பல் பட்டால் விளையாட்டு முடிந்தது என்று வைப்பதே நல்லது.

தொடங்கிய சில நாளில் கடி குறைவதற்குப் பதில் கூடலாம். இதுவரை வேலை செய்த ஒன்று திடீரெனச் செல்லுபடியாகாதபோது குட்டி அதையே இன்னும் பலமாகச் செய்து பார்க்கிறது. பலர் இந்த இடத்தில்தான் முறையைக் கைவிடுகிறார்கள். கைவிட்டால் பலமாகக் கடித்தால் வேலை நடக்கும் என்பதே குட்டி கற்ற பாடமாகிவிடும். வீட்டில் ஒருவர் மட்டும் ‘எனக்கு வலிக்கவில்லை’ என்று கையைக் கடிக்கக் கொடுத்துக்கொண்டிருந்தாலும் இதே கதிதான். எப்போதாவது பலித்தால் போதும், எந்தப் பழக்கமும் லேசில் போகாது.

கைக்குப் பதில் பொம்மை

கை விளையாட்டுப் பொருள் அல்ல என்பது விதி. முகத்துக்கு முன் விரலை ஆட்டிச் சீண்டுவது, கையால் தள்ளித் தள்ளி மல்லுக்கட்டுவது இரண்டையும் நிறுத்துங்கள். அதற்குப் பதில் அரை மீட்டருக்கு மேல் நீளமான துணிப் பொம்மையோ முறுக்குக் கயிறோ வேண்டும். சிறிய பொம்மை என்றால் பல் உங்கள் விரலில்தான் முடியும். அதைத் தரையோடு தரையாக இழுத்து அசையுங்கள். அசையாமல் கிடக்கும் பொம்மையைவிட அசையும் கைதான் குட்டிக்குச் சுவாரசியம். இந்த நிலையை நீங்கள் தலைகீழாக்க வேண்டும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. கடித்த ஒவ்வொரு முறையும் உடனே பொம்மை வந்தால், ‘கடி, பொம்மை வரும்’ என்று குட்டி கோர்த்துக்கொள்ளும். எனவே பல் வருவதற்கு முன்பே பொம்மையைக் காட்டுங்கள். கண் உங்கள் கையில் நிலைப்பதும், உடல் பின்வாங்கிப் பாயத் தயாராவதும் போதுமான அறிகுறி. அதற்குள் பல் பட்டுவிட்டால், சற்று இடைவெளி விட்டு, ‘உட்கார்’ போன்ற ஒரு சின்ன வேலையைச் செய்ய வைத்த பிறகு பொம்மையைக் கொடுங்கள்.

இழுபறி விளையாட்டு நாயை மூர்க்கமாக்கும் என்ற பயம் தேவையில்லை. விதிகளோடு ஆடினால், உற்சாகத்தின் நடுவே நிதானத்துக்குத் திரும்பக் கற்றுத்தரும் நல்ல பயிற்சி அது. 10 முதல் 20 நொடி இழுத்தபின் நிறுத்துங்கள். நிறுத்தும் வழி: பொம்மையைத் தொடையோடு சேர்த்து அசையாமல் பிடித்துக்கொண்டு, மூக்கருகே ஒரு துணுக்குத் தீனி காட்டுங்கள். வாய் திறந்ததும் ‘விடு’ என்று சொல்லுங்கள், தீனியைக் கொடுங்கள், பொம்மையையும் திருப்பிக் கொடுங்கள். விட்டால் பறிபோகாது என்று தெரிந்த குட்டிதான் சீக்கிரம் விடும். இழுப்பது பக்கவாட்டில் இருக்கட்டும். மேலும் கீழும் உலுக்கினால் கழுத்துக்கு ஆகாது. முன்னங்கால் தரையிலிருந்து எழும்படி தூக்கவும் கூடாது. ஆட்டத்தில் பல் தோலில் பட்டால் அந்தச் சுற்று முடிந்தது.

கணுக்காலைத் துரத்தும் குட்டிக்கு, நடப்பதை நிறுத்துவதே முதல் மருந்து. அசையாத காலில் சுவை இல்லை. நின்றபடி பையிலிருந்து நீளப் பொம்மையை எடுத்துத் தரையில் விடுங்கள், அல்லது உலர் தீனியில் ஏழெட்டுத் துண்டுகளைச் சிதறுங்கள். மோப்பம் பிடித்துத் தேடும் வேலை குட்டியை அமைதிப்படுத்தும். ஆனால் சிதறுவதும் கால் கவ்வப்படும் முன்பே நடக்க வேண்டும். வீட்டுக்குள் நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும் நேரத்தில் ஒன்றரை மீட்டர் நீள மெல்லிய கயிறு ஒன்றைக் கழுத்துப்பட்டையில் மாட்டிவிடலாம். முனையில் கைப்பிடி வளையம் இருந்தால் வெட்டிவிடுங்கள், எதிலாவது சிக்கிக்கொள்ளும். கையை நீட்டாமலே குட்டியைத் தள்ளி நிறுத்த இந்தக் கயிறு உதவும். தனியாக விடும்போது கழற்றிவிட வேண்டும்.

இன்னொரு பயிற்சி, நாளுக்கு இரண்டு முறை, இரண்டே நிமிடம். மூடிய உள்ளங்கைக்குள் தீனியை வைத்து நீட்டுங்கள். குட்டி நக்கும், பிறாண்டும், கடித்தும் பார்க்கும். கையை அசைக்காதீர்கள், பேசாதீர்கள். முகத்தை ஒரு நொடி விலக்கிய உடனே ‘சரி’ என்று கையைத் திறந்து கொடுங்கள். ஒரு நொடி பிறகு இரண்டாகும், ஐந்தாகும். கையைக் கடித்தால் எதுவும் கிடைக்காது, விலகினால் கிடைக்கும் என்பது இதில் பதிகிறது. காது, பாதம், வாய் ஓரம் ஆகிய இடங்களை ஒரு நொடி தொட்டு உடனே ஒரு துணுக்குத் தீனி கொடுக்கும் பயிற்சியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பிற்காலத்தில் நகம் வெட்டும்போதும் மருத்துவரிடம் போகும்போதும் இதன் அருமை தெரியும்.

பல் முளைக்கும் காலம்

12 முதல் 16 வாரத்துக்குள் முன்பற்கள் விழத் தொடங்கும். கோரைப்பற்களும் கடைவாய்ப்பற்களும் ஐந்து ஆறு மாதத்தில் வரும். ஏழு மாத அளவில் 42 நிலைப்பற்களும் வந்துவிடும். இடையில் ஈறு சிவந்து, மெல்லும் ஆசை கூடும். பொம்மையில் லேசாக ரத்தம் தெரிந்தால் பயப்பட வேண்டாம். நனைத்து முறுக்கி உறைய வைத்த துணியையும், உள்ளே ஈரத் தீனி அடைத்துக் குளிரவைத்த ரப்பர்ப் பொம்மையையும் கொடுக்கலாம். உறைந்த துணியை மெல்லும்போது மட்டும் பக்கத்தில் இருங்கள், நூல் பிரிந்தால் விழுங்கிவிடும். கட்டைவிரல் நகத்தால் அழுத்தினால் சற்றேனும் அமுங்காத பொருள் பல்லை உடைக்கும். எலும்பும் மான்கொம்பும் இந்தக் கணக்கில் தேறாது. முழுவதுமாக வாய்க்குள் போகும் அளவுப் பொருளும் வேண்டாம். இழுபறியை இந்த மாதங்களில் மெதுவாக ஆடுங்கள். ஆறு ஏழு மாதம் ஆகியும் பால்பல்லும் நிலைப்பல்லும் ஒரே இடத்தில் ஒட்டி நின்றால், சிறிய இனங்களில் இது அடிக்கடி நடக்கும், கால்நடை மருத்துவரிடம் காட்டி எடுக்க வேண்டியிருக்கும்.

செய்யக் கூடாதவை

வாயை இறுக்கிப் பிடிப்பது, மூக்கில் தட்டுவது, விரலைத் தொண்டைவரை விடுவது, மல்லாக்கப் புரட்டி அமுக்குவது, முகத்தில் தண்ணீர் பீய்ச்சுவது. இவற்றால் கடி சில நேரம் நிற்கலாம், ஆனால் குட்டி கற்றுக்கொள்வது முகத்தருகே வரும் கையை நம்பக் கூடாது என்பதைத்தான். பிறகு கழுத்துப்பட்டை மாட்டப் போனால் பயத்தில் கடிக்கும், அது விளையாட்டுக் கடி அல்ல.

‘நீதான் தலைவன் என்று காட்டு’ என்ற அறிவுரை ஓநாய்களைப் பற்றிய பழைய ஆய்விலிருந்து வந்தது. 1947-இல் ருடால்ஃப் ஷெங்கல் எழுதியது அடைத்து வைக்கப்பட்ட ஓநாய்களைப் பற்றி. காட்டு ஓநாய்க் கூட்டம் பெரும்பாலும் ஒரு தாய், ஒரு தந்தை, அவற்றின் குட்டிகள் கொண்ட குடும்பமே என்று 1999-இல் ஓநாய் ஆய்வாளர் டேவிட் மீச் விளக்கினார். உங்கள் குட்டி உங்கள் பதவியைப் பிடிக்கக் கடிக்கவில்லை.

பிள்ளைகளும் மற்ற நாய்களும்

பிள்ளைகள் கீச்சிடுவார்கள், ஓடுவார்கள், கையை மேலே தூக்குவார்கள். குட்டியைத் தூண்ட இதைவிட வேறென்ன வேண்டும்? குட்டி பாய்ந்தால் மரம்போல அசையாமல் நின்று, கையை மார்போடு மடக்கி, பார்வையைத் திருப்பிக்கொள்ளச் சொல்லிக்கொடுங்கள். இதைக் குட்டி இல்லாதபோதே ஒத்திகை பார்க்க வேண்டும். ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளையிடம் இதை எதிர்பார்ப்பது வீண். நடுவே ஒரு தடுப்புக் கதவு வைப்பதும், பெரியவர் ஒருவர் கை எட்டும் தூரத்தில் இருப்பதும்தான் வழி. தரையில் படுத்து முகத்தைக் குட்டியின் முகத்தருகே கொண்டுபோவதை எந்த வயதிலும் அனுமதிக்காதீர்கள்.

இரண்டு நாய்கள் உறுமிக்கொண்டு புரண்டால் உடனே பிரிக்க வேண்டியதில்லை. முன்னங்காலைத் தாழ்த்திப் பின்புறத்தை உயர்த்தி அழைப்பது, துள்ளல் நடை, யார் மேலே யார் கீழே என்பது மாறிமாறி வருவது, நடுநடுவே தானாக நிறுத்தி உதறிக்கொள்வது எல்லாம் நல்ல விளையாட்டின் அடையாளங்கள். ஒன்றே எப்போதும் கீழே கிடந்தாலோ, வாலை இடுக்கி ஒளிய இடம் தேடினாலோ ஆட்டம் கெட்டுவிட்டது. சந்தேகம் இருந்தால் மேலே இருப்பதை மெல்லப் பிடித்து விலக்குங்கள். கீழே கிடந்தது திரும்பி அதனிடமே வந்தால் விளையாடட்டும். விலகி ஓடினால் அன்றைக்குப் போதும். பெரிய நாய் உறுமியோ காற்றில் ‘டப்’ என்று வாயை மூடியோ குட்டியை எச்சரித்தால் திட்டாதீர்கள், அது தேவையான பாடம். அந்த நாய்க்கும் குட்டி வர முடியாத ஓர் இடம் வீட்டில் இருக்க வேண்டும்.

விளையாட்டு அல்லாதது

விளையாடும் குட்டியின் உடல் தளர்ந்து வளையும். உடல் விறைத்து, அசைவு நின்று, கண் ஓரத்தில் வெள்ளை தெரிய முறைத்து, சாப்பாட்டுத் தட்டின் மேல் கவிந்து உறுமினால் அது வேறு விஷயம். உறுமலுக்குத் தண்டிக்காதீர்கள், எச்சரிக்கையை அடக்கிவிட்டால் அடுத்து எச்சரிக்கை இல்லாத கடி வரும். இதுவரை தொடவிட்ட இடத்தைத் தொட்டதும் திடீரெனக் கடித்தால் வலி இருக்கலாம். காது, பல், மூட்டு எல்லாவற்றையும் மருத்துவர் பார்க்கட்டும். காரணம் உடலில் இல்லையென்றால், நாய் நடத்தையில் பயிற்சி பெற்ற மருத்துவரிடம் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள்.

தோல் கிழிந்தால், விளையாட்டுக் கடியாகவே இருந்தாலும், ஓடும் நீரிலும் சோப்பிலும் 15 நிமிடம் கழுவிவிட்டு மருத்துவரைப் பாருங்கள். குட்டிகளுக்கு வெறிநோய்த் தடுப்பூசி வழக்கமாக 12 வார அளவில்தான் போடப்படுகிறது. அந்த வயதுக்கு முந்தைய குட்டிக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

எப்போது அடங்கும்

மேற்சொன்னவற்றைத் தினமும் ஒரேமாதிரி செய்துவந்தால் சில வாரங்களில் அழுத்தம் குறையும். பால்பற்கள் விழுந்து முடியும்போது பெரும்பாலான குட்டிகளிடம் தோலைக் கடிப்பது அரிதாகிவிடும். ஆறு மாதத்துக்குமேல், பருவம் எட்டும்போது, நடையின் நடுவே துள்ளிச் சட்டைக் கையைப் பிடிப்பதோ நடைக்கு மாட்டும் கயிறான லீஷைக் கவ்வி இழுப்பதோ சில நாய்களிடம் மறுபடி தலைகாட்டும். அப்போது லீஷை இழுக்காதீர்கள், இழுபறி என்று எடுத்துக்கொள்ளும். நாய் நிற்கவும் உட்காரவும் முடிகிற அளவு தளர்ச்சி விட்டு லீஷின் மேல் கால் வைத்து நில்லுங்கள். நான்கு காலும் தரையில் பட்டதும் தீனியைப் புல்லில் சிதறிவிட்டு, அது தேடி முடித்தபின் நடையைத் தொடருங்கள். ஒரே இடத்தில் தினமும் இப்படி நடந்தால் அந்த இடத்தை எட்டும் முன்பே வாயில் கவ்விக்கொண்டு நடக்க ஒரு பொம்மையைக் கொடுத்துவிடுங்கள்.